ஆம் என்று எழுதிய ஆர்னோ ஈடிகர்

ஃப்ரீடா முதன்முதலாக ஆர்னோ ஈடிகர் என்ற பெயரைக் கேட்டது தன் அப்பா வாயால், திட்டாகத்தான். அவளுக்கு அப்போது பதினாறு நிரம்பவில்லை. சபையின் உதவிச் சங்கத்தில் கடன் கேட்கப் போன அப்பா ஏப் ஊன்ரூ, போன வேகத்தில் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி வெண்ணெய்த் தட்டின் மேலேயே அறைந்தார்.

“ஈடிகர் வீட்டுல ஒரு பய இருக்கான். ஆர்னோவாம். மீசைகூட முளைக்கலை, அதுக்குள்ள பெரியவங்க நடுவுல உக்காந்துக்கிட்டு என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டான்!”

“அப்படி என்னதான் சொன்னான்?” என்றாள் அம்மா, வெண்ணெயிலிருந்து தொப்பியை எடுத்தபடி.

“உண்மையைச் சொல்லிட்டான்!”

நடந்தது இதுதான். கோதுமை நிலத்தில் எண்ணெய் இருக்கிறது என்று ஏப் ஊன்ரூவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் இயந்திரம் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து துளை போட ஆரம்பித்தார். பாதி ஆழத்தில் காசு தீர்ந்தது. சங்கத்துப் பெரியவர்கள் கடன் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குகிறவனுக்குக் கடன் இல்லை என்பது சங்கத்தின் வழக்கம். “ஏப், ஞாயித்துக்கிழமை ரிக் ஓடுதா?” என்று கேட்டார்கள். ஏப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். காய்ச்சலில் கிடந்த தகப்பனுக்குப் பதிலாகக் குறிப்பு எழுத வந்திருந்த ஆர்னோ தலையைத் தூக்கி, “ஓடுது. போன வாரம் சபைக்கு வர்ற வழியில பார்த்தேன். அதுக்கு முந்தின வாரமும் ஓடுச்சு” என்றான். கடன் போயிற்று.

அதற்கப்புறம் ஊன்ரூ வீட்டில் ஈடிகர் என்ற பெயரை எடுத்தாலே சாப்பாட்டு மேசையில் கரண்டிகள் சத்தம் போடும். சபைக்காரன் காசில் ஒரு சென்ட்கூடத் தன் கிணற்றில் இறங்கவில்லை, அத்தனையும் டவுன் வங்கிக் காசு என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டுவார். அப்படிப்பட்டவர், ஆர்னோவின் அண்ணன் வால்டோ வந்து ஃப்ரீடாவைப் பெண் கேட்டபோது, ஒரு பேச்சும் பேசாமல் சரி என்று தலையாட்டினார். அம்மா கையிலிருந்த மாவுப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று ஃப்ரீடா அன்று நினைத்தாள், கேட்கவில்லை. கல்யாணம் நடக்கிற வீட்டில் அப்படியெல்லாம் யார் கேட்பார்கள்?

அப்படி ஆர்னோ அவளுக்குக் கொழுந்தன் ஆனார்.

அவர்கள் ஊரான வீசன்டாலில் யாரைத் தொட்டாலும் உறவுதான். ஆர்னோவின் அம்மா வோத் வீட்டுப் பெண். வோத்துகளில் இரண்டு வகை உண்டு. பன்றித்தொடை புகைபோடுவதில் பேர் வாங்கிய வோத்துகள் ஒன்று, பிடிவாதத்தில் பேர் வாங்கிய வோத்துகள் இன்னொன்று. அவள் இரண்டாவது வகை. அந்த ரத்தம் வால்டோவுக்கு வரவில்லை, முழுக்க ஆர்னோவுக்கு இறங்கிவிட்டது. கேட்டால் உண்மையைச் சொல்வார். கேட்காவிட்டால் வாயைத் திறக்கவே மாட்டார். அதில் அவருக்குப் பெருமை வேறு. உள்ளதைச் சொல்லிவிட்டு, பரிசு வாங்கிய கிடாய் மாதிரி நிமிர்ந்து நிற்பார். அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் காரணம் அதுதான். ஷ்ராக் வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் போனார். அவள் புது கவுனைப் போட்டுக்கொண்டு வந்து, “நல்லாருக்கா?” என்று கேட்டாள். அத்தோடு முடிந்தது.

மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். கோதுமை விதைத்தார், அறுத்தார். வயதான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். தகப்பனுக்குப் பிறகு உதவிச் சங்கத்தின் பொருளாளராக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆலங்கட்டி அடித்தால், களஞ்சியம் எரிந்தால் கைகொடுப்பதற்காக சண்டைக்கே போகாத கிறிஸ்தவர்களான மெனோனைட் சபைக்காரர்கள் சேர்த்து வைத்த சங்கம் அது. சாராயம், புகையிலை, சூதாட்டம், துப்பாக்கி இதிலெல்லாம் ஒரு காசு போடமாட்டார்கள். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். அதற்கு ஏதாவது பெயர் இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது ஃப்ரீடாவின் மகன் டேரல்தான்.

டேரல் டிராக்டர் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தவன். வாயால் விற்றுப் பழகியதால் எம்.எல்.ஏ. ஆனான். தலைநகரத்துக்குப் போய் வந்த பிறகு அவன் தொப்பி அகலமாகிவிட்டது, குரல் கனத்துவிட்டது. ஒருநாள் சபைக் கூடத்தில் நின்று பேசினான். நியூயார்க்கில் பெரிய பெரிய நிறுவனங்கள் இருக்கின்றனவாம். ஊரார் ஓய்வூதியப் பணத்தையெல்லாம் அவைதான் வைத்து ஆள்கின்றனவாம். எண்ணெயில் காசு போடமாட்டோம், துப்பாக்கியில் போடமாட்டோம், மனசாட்சி உறுத்துகிறது என்கின்றனவாம். இதற்குப் பெயர் ‘ஒதுக்குதல்’ என்றான்.

“மனசாட்சியாம்! நம்ம பணத்தை வெச்சுக்கிட்டு இவனுங்களுக்கு மனசாட்சி கேக்குது! சட்டப்படி நடக்குற எந்தத் தொழிலை எவன் ஒதுக்கினாலும் சரி, இந்த மாநிலத்துல அரசாங்கமோ ஊராட்சியோ அவனோட கொடுக்கல் வாங்கல் வெச்சுக்கக் கூடாது. அதுக்குத்தான் சட்டம் கொண்டு வரேன்.”

கூடமே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது ஆர்னோ. அவர் போன தேர்தலிலும் டேரலுக்குத்தான் ஓட்டுப் போட்டார், அதற்கு முந்தியதிலும். நகரத்துக்காரன் மனசாட்சி பார்த்தால் அது அரசியல், நாம் பார்த்தால் பக்தி. இதில் குழப்பம் என்ன இருக்கிறது?

சட்டம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் அதை ஈடிகர் சட்டம் என்றே எழுதினார்கள். ஃப்ரீடா அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். பெற்றவள் இல்லையா.

சட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வித்தாளும் வந்தது. மாநிலத்தில் பணம் கொடுக்கல் வாங்கல் செய்கிற எல்லா இடத்துக்கும் அனுப்பினார்கள். சட்டப்படி நடக்கும் எந்தத் தொழிலையாவது, லாப நோக்கம் அல்லாத காரணத்துக்காக ஒதுக்குகிறீர்களா என்பதுதான் முக்கியமான கேள்வி. நியூயார்க் நிறுவனங்களில் சம்பளத்துக்கு ஆள் வைத்து இதற்கெல்லாம் பதில் எழுதுகிறார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஆர்னோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘ஆம்’ என்று எழுதினார். எழுதியதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. எதை எதை ஒதுக்குகிறோம் என்று தனித் தாள்கள் இணைத்தார். சாராயம், புகையிலை, சூது, ஆயுதம், முன்பு ஒரு சினிமாக் கொட்டகை, நடனக் கூடம் கட்டுவதாகச் சொன்ன பெக்கர் வீட்டு மருமகன், ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குகிற எவரும். இடம் போதாமல் தாளின் ஓரத்திலும் எழுதினார். எழுதி முடித்து, அஞ்சல் தலையைச் சங்கக் கணக்கில் எடுக்காமல் சொந்தக் காசில் ஒட்டினார்.

சில மாதங்களில் அரசாங்கத்தின் தடைப் பட்டியல் வெளியானது. நியூயார்க் ஆட்கள் ஒருவரும் அதில் இல்லை. கன்னியாஸ்திரீகள் மடத்து வைப்பு நிதி ஒன்று இருந்தது. வீசன்டால் உதவிச் சங்கம் இருந்தது.

“டேய் டேரல், எங்களை எதுக்குடா போட்டிருக்காங்க?” என்று ஆர்னோ தொலைபேசியில் கேட்டார்.

“சித்தப்பா, ஆமான்னு யாரு எழுதச் சொன்னது?”

“கேட்டாங்களே!”

“கேட்டா? எல்லாரும் என்ன எழுதறாங்களோ அதை எழுதறதுதானே! அது உங்களுக்கான கேள்வியே இல்ல சித்தப்பா. கெட்டவங்களுக்கான கேள்வி.”

“அதை மேல எழுதியிருக்கலாமே. கெட்டவர்கள் மட்டும் பதில் தரவும்னு.”

சிரித்துவிட்டு மறந்துபோகிற விஷயம்தான். ஆனால் அந்த வசந்தத்தில் சூறாவளி வந்தது. ஊருக்கு வடக்கே போகும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெற்கே வந்து, பெத்தேல் முதியோர் இல்லத்தின் மேற்குப் பகுதிக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போய் நீமன் வீட்டுச் சோளக்காட்டில் போட்டது. யாருக்கும் காயமில்லை. மேற்குப் பகுதியில் இருந்தவர்களையெல்லாம் கிழக்குப் பகுதியில் கட்டிலோடு கட்டில் ஒட்டிப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் வால்டோ.

வால்டோவுக்கு நினைவு தப்பி வருஷங்கள் ஆகிவிட்டன. ஃப்ரீடா மத்தியானம்தோறும் நடந்து போய்ப் பழக்கூழ் ஊட்டிவிடுவாள். வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வார். அவளுக்கு மட்டும் திறப்பார். மனைவி என்று தெரிந்து அல்ல; புதிதாகச் சேர்ந்த வேலைக்காரி என்று நினைப்பு.

“சம்பளம் ஒழுங்காக் குடுக்குறாங்களாம்மா உனக்கு?” என்று தினமும் விசாரிப்பார்.

“எங்க? அறுபது வருஷமா பாக்கி” என்பாள் ஃப்ரீடா.

“விடாதே. கேளு. சங்கத்துல என் தம்பி இருக்கான், அவன்கிட்டச் சொல்லு.”

இல்லம் ஊராட்சியுடையது. மேயர் வழக்கம்போல உதவிச் சங்கத்தில் கடன் கேட்டார். சங்கமும் வழக்கம்போலச் சரி என்றது. மாநில அதிகாரியிடமிருந்து தாக்கீது வந்தது: தடைப் பட்டியலில் உள்ள சங்கத்திடம் ஊராட்சி கடன் வாங்கக் கூடாது. சரி என்று டவுன் வங்கிக்குப் போனார்கள். வட்டியைக் கேட்டதும் மேயருக்கு விக்கல் எடுத்தது. போட்டிக்கு வருகிறவர்களைச் சட்டம் துரத்திவிட்ட பிறகு, மிச்சம் இருக்கிறவன் என்ன கேட்டாலும் விலைதானே. உறைபனிக்கு முன்னால் கூரை ஏறாவிட்டால் மேற்குப் பகுதி ஆட்களைத் தலைநகரத்து இல்லத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. தலைநகரம் ஃப்ரீடா நடந்து போகிற தூரம் இல்லை. கார் ஓட்டுவதைக் கண் மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அங்கே வால்டோ யாருக்கு வாயைத் திறப்பார்?

இனி வழக்குத்தான் வழி என்றார் டவுன் வக்கீலம்மா ஒருவர். அங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. மெனோனைட்காரன் கோர்ட் படி ஏறமாட்டான். கன்னத்தில் அறை வாங்கினாலும் வாங்குவானே தவிர வழக்குப் போடமாட்டான். சபையில் கூட்டம் போட்டார்கள். உருண்டைமேல் உருண்டை வைத்துச் சுட்ட இரட்டைத் தலை ரொட்டி தீர்ந்து, காப்பி ஆறி, இரண்டாவது காப்பியும் ஆறியது. சகோதரன் மேல்தான் வழக்குப் போடக் கூடாது, மாநிலம் சகோதரன் இல்லையே என்றார் ஒருவர். மாநிலம் சகோதரன் இல்லை, ஆனால் சட்டம் போட்ட டேரல் சகோதரன் மகன் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வழக்குப் போடக் கூடாது, விளக்கம் கேட்கலாம். விளக்கம் கேட்கக் கோர்ட்டைத் தவிர வேறு இடம் இல்லையென்றால் அது நம்முடைய குற்றமில்லை.

அன்றிலிருந்து வீசன்டாலில் யாரும் வழக்கு என்று சொல்வதில்லை. “விளக்கம் எந்த நிலைமையில இருக்கு?” என்றுதான் கேட்பார்கள். பொருளாளர் என்ற முறையில் ஆர்னோ பெயரில் தாக்கல் ஆனது. ஈடிகர் சட்டத்தை எதிர்த்து ஈடிகர். பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஃப்ரீடா அதையும் கத்தரித்தாள். ஆனால் எந்தக் கதவில் ஒட்டுவது என்று தெரியாமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

கோர்ட்டுக்கு முந்தின ஞாயிறு, சாயங்காலச் சிற்றுண்டிக்கு ஆர்னோ வந்திருந்தார். குளிர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்துவிட்டு ஃப்ரீடா எதிரே உட்கார்ந்தாள்.

“ஆர்னோ, எண்ணெய்க்காரனுக்குக் கடன் இல்லைன்னு சொன்னதுண்டான்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“உண்டுன்னு.”

“எங்கப்பாவை இழுப்பியா?”

“பேரைக் கேட்டா சொல்லணும் அண்ணி.”

“ஒரே ஒரு தடவை இல்லைன்னு சொல்லிட்டு வாயேன்பா. உங்கண்ணனுக்காக. அவரை அங்க கொண்டு போட்டா பட்டினியா கிடப்பாரு.”

ஆர்னோ ரொட்டியின் மேல்தலையைப் பிய்த்துக் கீழ்த்தலையின் மேல் வைத்தார். மறுபடி எடுத்தார். “அவங்க கேக்காம இருந்தா நான் சொல்ல மாட்டேன்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த சலுகைகளிலேயே அதுதான் பெரியது.

“இது உங்களைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார் பிறகு.

ஃப்ரீடா பாலாடைக்கட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த மேசையில்தான் டேரல் வளர்ந்தான். தாத்தாவின் தொப்பி வெண்ணெயில் விழுந்த கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துத்தான் பால் குடித்தான்.

கோர்ட்டில் நீதிபதி வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள். கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னபோது ஆர்னோ தூக்கவில்லை.

“சத்தியம் பண்றதில்லைங்க. உண்மையைச் சொல்லுவேன். ரெண்டும் வேற வேற.”

“அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு, உக்காருங்க மிஸ்டர் ஈடிகர்” என்றார் நீதிபதி.

அரசு வக்கீல் இளைஞர். மாட்டுக்கார பூட்ஸ் போட்டிருந்தார். மாட்டை அருகில் பார்த்தவர் நடை இல்லை. எடுத்த எடுப்பில் கேட்டார்:

“உங்க சங்கம் எப்பவாவது எண்ணெய் எடுக்குறவர் ஒருத்தருக்குக் கடன் மறுத்ததா?”

“மறுத்தது.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். ஃப்ரீடா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கையுறைகளைப் பிழிந்தாள். மூன்று ஆள் தள்ளி டேரல் உட்கார்ந்து தன் தொப்பிக்குள் ஏதோ எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் சொல்லியிருப்பார்கள் என்று இனி அவள் யோசிக்க வேண்டியதில்லை.

“காசு வராதுன்னு மறுத்தீங்களா?”

“இல்ல. வரும்னுதான் நெனச்சோம். ஞாயித்துக்கிழமை துளை போட்டாரு. அதுக்காக மறுத்தோம்.”

“லாப நோக்கம் இல்லாத காரணம்!” வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். முகத்தில் அறுவடைத் திருநாள் வெளிச்சம். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் வால்டோ அடுத்த வாரமே வண்டி ஏறியிருப்பார். ஆனால் பேசிப் பிழைக்கிறவனுக்கு, கைதட்டல் வரும்போல இருந்தால் நிறுத்த முடியுமா?

“அந்தப் பாவப்பட்ட மனுஷன், ஒரு சாதாரண எண்ணெய்க்காரர், உங்க சபையோட பிடிவாதத்தால கடைசியில என்ன ஆனாருன்னு சொல்றீங்களா?”

“சொல்றேனே. அடுத்த வசந்தத்துல திரும்ப வந்தாரு. டவுன் பேங்க்ல வெரட்டி விட்டுட்டாங்களாம். இனிமே ஞாயித்துக்கிழமை ரிக் ஓடாதுன்னாரு. கடன் குடுத்தோம். எண்ணெய் வந்துச்சு. கடைசிப் பாக்கிக்குப் பணத்துக்குப் பதிலா கிணத்துல ஒரு பங்கை எழுதிக் குடுத்தாரு. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால இன்னும் தலையாட்டிக்கிட்டு இருக்கே, அந்தக் கிணறுதான். மாசாமாசம் எங்களுக்குக் காசோலை வருது. சங்கமே அதுலதான் ஓடுது.”

கோர்ட்டில் யாரோ இருமினார்கள். இருமல் சிரிப்பானது.

நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “வக்கீல் சார், எண்ணெயை வெறுக்குறாங்கன்னு அரசாங்கம் பட்டியல்ல போட்டது ஒரு எண்ணெய்க் கிணத்துச் சொந்தக்காரங்களையா?”

“அவங்க கேள்விக்கு ஆமான்னு எழுதியிருந்தாங்க, யுவர் ஆனர்.”

“இல்லைன்னு எழுதினவங்களை விசாரிச்சீங்களா?”

“அதுக்குத் தேவை… இல்லைன்னு எழுதியிருந்தாங்களே.”

“அப்போ பொய் சொல்லத் தெரியாதவங்க பேரையெல்லாம் மக்கள் செலவுல ஒண்ணாச் சேர்த்திருக்கீங்க” என்றார் அந்த அம்மாள்.

ஊரே அந்த வாக்கியத்தை வாரக்கணக்கில் மென்றது. ஃப்ரீடாவுக்கு மட்டும் அது காதில் சரியாக விழவில்லை. அப்பா திரும்பப் போனாரா? ஒவ்வொரு நன்றி சொல்லும் பண்டிகையிலும் வான்கோழியை வெட்டிக்கொண்டே, சபைக்காரன் காசு தன் கிணற்றில் இறங்கவில்லை என்று சொன்ன அப்பா? அடுத்த வசந்தம் என்றால் எந்த வசந்தம்? அந்த வசந்தத்துக்குப் பிறகு வந்த கோதுமை அறுவடையில்தானே வால்டோ பெண் கேட்டு வந்தார்? அப்பா ஒரு பேச்சும் பேசாமல் தலையாட்டியது அப்போதுதானே?

ஆர்னோவின் பிக்கப் வண்டியில் திரும்பினார்கள். ஊர் நீர்த்தொட்டி கண்ணில் பட்டதும் ஃப்ரீடா கேட்டாள்.

“இத்தனை வருஷமா ஏன் ஆர்னோ சொல்லலை?”

“யாரும் கேக்கலையே அண்ணி.”

“எங்கப்பா வாய்க்கு வந்தபடி பேசினாரே, அப்பகூடவா?”

“அவரு பேசினாரு. கேக்கலை.”

ஃப்ரீடா கையுறைகளைக் கழற்றி மடியில் போட்டாள்.

“அந்தக் கடனுக்கும் எங்க கல்யாணத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?”

ஆர்னோ வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஒருத்தரும் வராவிட்டாலும் ஓரம் கட்டினார். வோத் வீட்டுத் தாடை ஒருதரம் அசைந்தது.

“தெரிஞ்சுக்கணும்னு கேக்குறீங்களா, இல்ல சும்மா பேச்சுக்குக் கேக்குறீங்களா?”

ஃப்ரீடா சாலையோரத்து முள்கம்பியைப் பார்த்தாள். மத்தியானம் ஊட்டப் போகாததால் வால்டோ வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“சும்மாதான்” என்றாள். “வண்டியை எடு.”

அடுத்த ஞாயிறு டேரல் வந்தபோது மேசையில் அவனுக்குக் கோப்பை வைக்கவில்லை.

“அம்மா, அது ஊரறிஞ்ச கதைதானே…”

“எந்த ஊரு? என் சமையக்கட்டா?”

“சட்டத்தைக் காப்பாத்தணுமேம்மா. அது என் பேருல இருக்கு.”

“உன் பேரா? அந்தப் பேரு உங்கப்பா குடுத்தது. போய் அவருக்குக் கூழ் ஊட்டிவிட்டு வா. வாயைத் திறந்தாருன்னா வந்து காப்பி குடி.”

டேரல் போனான். சட்டைக் கையெல்லாம் பழக்கூழோடு திரும்பி வந்தான். அன்று அவனுக்குக் காப்பி இல்லை.

கோடைக்காலம் முடிவதற்குள் தீர்ப்பு வந்தது. ஒதுக்குவது என்றால் என்ன என்று சட்டத்துக்கே தெரியவில்லை, தெரிகிறவரை அதை நடத்தக் கூடாது என்று அந்த அம்மாள் எழுதிவிட்டார். சங்கம் மறுநாளே கடனைக் கொடுத்தது. சபை ஆண்கள் சுத்தியலோடு வந்தார்கள், பெண்கள் பாத்திரங்களோடு வந்தார்கள், உறைபனிக்கு முன்னால் கூரை ஏறியது. வால்டோ எங்கும் போகவில்லை. கூரைமேல் ஏறி ஆணி அடித்தவர்களில் டேரலும் ஒருவன், பத்திரிகைப் படக்காரர் இருந்தவரைக்கும்.

பிறகு டேரல் சட்டசபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். ஆலங்கட்டிக்காகத் தொடங்கப்பட்டு, ஒரே ஒரு சபையைச் சேர்ந்து, கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் எண்ணெய்க் கிணற்றுப் பங்கு வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஈடிகர் சட்டத்திலிருந்து விலக்கு. மாநிலத்தில் அப்படி எத்தனை சங்கம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறு சபைகளின் காவலன் என்று தேர்தல் சுவரொட்டியில் போட்டுக்கொண்டான், ஜெயித்தான். கன்னியாஸ்திரீகளுக்குக் கிணறு இல்லை, அவர்கள் பெயர் மட்டும் மேல் கோர்ட்டில் தொங்குகிறது. மாநிலம் அப்பீலுக்குப் போயிருக்கிறது. அப்பீல் வக்கீல்களுக்கு இதுவரை கொடுத்ததில் பெத்தேல் இல்லத்துக்குக் கூரை மட்டுமல்ல, கோபுரமே கட்டியிருக்கலாம்.

அந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று ஆர்னோவிடம் பத்திரிகைக்காரன் ஒருவன் கேட்டான். “டேரலுக்குத்தான். வேற யாரு நின்னா? அவன் பண்ணது தப்பு. அதையும் எழுதிக்கோ” என்றார். அவன் எழுதிக்கொள்ளவில்லை.

போன குளிர்காலத்தில் அஞ்சல் பெட்டி வரை நடந்து போன ஆர்னோ பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வலிக்கிறதா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். அந்தப் பதில் மருத்துவமனை முழுக்கக் கேட்டதாம்.

இப்போது ஆர்னோ ஈடிகர் பெத்தேல் இல்லத்தில், புதுக் கூரை போட்ட மேற்குப் பகுதியில், வால்டோவின் அறைக்கு எதிர் அறையில் இருக்கிறார். ஃப்ரீடா மத்தியானம் வரும்போது இரண்டு கிண்ணம் கொண்டு வருகிறாள்.